மழையைப் போதும் என்று சொல்லாத ஊரிலிருந்து

என் பார்வதி மதினிக்கு,

உங்கள் நாத்தனார் வேலம்மாள்தான் எழுதுகிறேன். அதே துணை சுகாதார நிலையம், ஒரு கால் குட்டையான அதே மேசை. மதியம் மூன்று மணி இருக்கும். தெருவில் சில வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஏன் பூட்டிக் கிடக்கின்றன என்று உங்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. உங்களிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். இரண்டு வருஷமாக உங்களை மனசுக்குள் ஏசிக்கொண்டே திரிந்திருக்கிறேன் மதினி. செத்துப்போன மனுஷியை ஏசலாமா என்று கேட்பீர்கள். ஏசினேன். என்ன செய்ய?

இதை வேறு யாரும் வாசித்தாலும் வாசிக்கட்டும். ஊர் ஊராக என்னைப் போல நர்சுகள் இருக்கிறார்கள், உங்களைப் போல மதினிகளும் இருக்கிறார்கள்.

முதலில் வீட்டுச் சேதி. அண்ணன் இன்னமும் உப்பில்லாமல்தான் சாப்பிடுகிறான். உங்களுக்குச் சிறுநீரகம் போனது தெரிந்த நாளிலிருந்து வீட்டில் உப்புச் சட்டியை எடுத்து மேலே வைத்தவன், இன்னும் கீழே இறக்கவில்லை. போன மாதம் நான் கொஞ்சம் உப்புப் போட்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தேன். ரெண்டு வாய் தின்றுவிட்டு, "கடல்ல முக்கி எடுத்தாப்ல இருக்கு" என்று தள்ளி வைத்துவிட்டான். உடைந்த தரைப்பாலத்தைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். உங்கள் கறவை எருமை சினையாக இருக்கிறது. கிட்டப் போனால் இப்போதும் என்னை முட்டத்தான் வருகிறது.

அந்த மார்கழியைப் பற்றிப் பேசாமல் மேற்கொண்டு எழுத முடியாது. எனக்கு இதைச் சொல்ல இஷ்டமில்லை. ஆனாலும் சொல்கிறேன்.

நம் கரிசல்காரர்களுக்கு மழை என்றால் என்ன என்று ஆற்றுத் தண்ணீரில் விவசாயம் பார்க்கிறவர்களுக்குப் புரியாது. விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற சனம். கூரை ஒழுகினால் பாத்திரம் எடுத்து வைப்போமே தவிர, "போதும்" என்ற வார்த்தை ஒருத்தர் வாயிலும் வராது. சின்ன வயசில் ஒருநாள் பாவாடை நனைந்துவிட்டதென்று "சனியன் பிடிச்ச மழை" என்றேன். எங்கள் அய்யா வாயிலேயே ஒன்று போட்டார். அப்புறம் நர்சு படிப்புப் படித்தேன், வேலை கிடைத்தது, ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு நாலு ஊருக்குத் தடுப்பூசி போடுகிறேன். அந்த அடி மட்டும் உதட்டிலேயே இருக்கிறது.

எச்சரிக்கை வந்தது சனிக்கிழமை. மிகக் கனத்த மழை என்று செல்போனில் செய்தி வந்தது. நாங்கள் தயாராக இருந்தோமா என்றால், இருந்தோம். எதற்கு? வெயிலுக்கும் வறட்சிக்கும். லாரித் தண்ணீரில் குளோரின் போடத் தெரியும், மயங்கி விழுந்தவர்களுக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுக்கத் தெரியும். தண்ணீருக்குள் ஊரே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று நம்மில் யாரும் யோசித்ததில்லை. விளாத்திகுளம் பக்கத்துக் காட்டில் நின்றுகொண்டு வெள்ளத்தைப் பற்றிப் பேசினால் சிரிக்க மாட்டார்களா?

ஆனாலும் என்னிடம் ஒரு பட்டியல் இருந்தது. பிரசவ தேதி நெருங்கிய பெண்களின் பட்டியல். மூன்று பேர். மூன்று பேரையும் அன்று மத்தியானமே ஆம்புலன்சில் ஏற்றி விளாத்திகுளம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டேன். பிறகு காளியம்மன் கோவில் மைக்கைப் பிடித்தேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னேன். குளோரின் மாத்திரை என்னிடம் இருக்கிறது என்று சொன்னேன். பாம்பு கடித்தால் கட்டுப் போடாதீர்கள் என்றும் சொன்னேன். வெள்ளம் வரும், வெளியேறுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை. கோவில் முன்னால் நின்றவர்கள் எல்லாரும் மூன்று வாரமாகப் பருத்தி வாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் முகத்தில் அப்போதுதான் கொஞ்சம் தெளிச்சி வந்திருந்தது. அந்த முகங்களைப் பார்த்து மழையைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதன் பிறகு உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் நடையில் நின்றீர்கள். அண்ணன் வாசல்படியில் உட்கார்ந்து மண்வெட்டிக்கு ஆப்பு அடித்துக்கொண்டிருந்தான்.

"மதினி, ஒரு வாரத்துக்குக் கோவில்பட்டியில எங்கூடப் படிச்சவ வீட்டுல போயி இருங்க. ஆஸ்பத்திரி பக்கந்தான. செவ்வாக்கிழம டயாலிசிஸ் முடிச்சிட்டு, வெள்ளிக்கிழமையும் முடிச்சிட்டு வந்திருங்க" என்றேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "எனக்குச் செவ்வாக்கிழமதான. அன்னைக்குப் பஸ்ஸு ஓடாமலா போயிரும்? ஏட்டி, நீ போயிப் புள்ளத்தாச்சிகளப் பாரு."

நான் திரும்பி வந்துவிட்டேன். இப்போது உண்மையைச் சொல்கிறேன். நீங்கள் வரமாட்டேன் என்றதும் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி. இன்னொரு தடவை கட்டாயப்படுத்தினால், மழைக்குப் பயந்து ஓடச் சொல்கிறாள் என்று ஆகுமே என்ற கவலை விட்டது. வாரத்துக்கு ரெண்டு நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர் தங்கும் என்று ஊருக்கே பாடம் எடுக்கிற நர்சு நான். உங்களிடம் ஒரு தடவை கேட்டேன். ஒரே ஒரு தடவை.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது தொடங்கிய மழை திங்கட்கிழமை சாயங்காலம் வரை விடவில்லை. முதல் அரைநாள் ஊரே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அப்புறம் ஓடை நிரம்பி, தரைப்பாலம் போய், போன் டவரும் போய், பேச்சு நின்றது. அப்போதும் ஒருத்தர்கூட "போதும்" என்று சொல்லவில்லை மதினி. சுவர் இடிந்த வீட்டுக்காரர்கூட, "பெய்யட்டும், பெய்யட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டுதான் சாமான்களைக் கோவிலுக்குள் எடுத்துப் போனார்.

செவ்வாய்க்கிழமை போய்விட்டது. புதன்கிழமை உங்களுக்குக் கால் வீங்கி, மூச்சு இழுத்தது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தீர்கள். அன்று சாயங்காலம்தான் ஒரு போனில் சிக்னல் வந்து, விளாத்திகுளம் ஆஸ்பத்திரிக்குச் சொன்னோம். வியாழக்கிழமை காலையில் கடற்கரையிலிருந்து லாரியில் ஒரு படகை ஏற்றி அனுப்பிவைத்தார்கள். நல்ல மனசோடுதான் அனுப்பினார்கள். ஆனால் அதற்குள் காட்டில் தண்ணீர் வடிந்துவிட்டது. மிச்சம் இருந்ததெல்லாம் நம் கரிசல் மண். படகு எதில் போகும்? டிராக்டரை இறக்கினார்கள். அரை சக்கரம் புதைந்து அங்கேயே நின்றது. தார் ரோட்டில் ஆம்புலன்ஸ் நிற்கிறது, ஊரில் நீங்கள் இருக்கிறீர்கள், நடுவில் மூன்று கிலோமீட்டர் சேறு. வெள்ளம் என்றால் தண்ணீர் என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

ஆடு மேய்க்கிற சுடலைதான் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்தது. "ஓடைக்கரையில சரளக்கல்லு கெடக்கு. ஆடு அது வழியாத்தான் போவும். எம் பின்னாலயே வாங்க, தள்ளி மிதிக்காதிய" என்று முன்னால் பிடித்தான். பின்னால் அண்ணன், இன்னும் ரெண்டு பேர். நான் பக்கத்தில் நடந்தேன். ஒவ்வொரு அடிக்கும் காலில் ஒரு படி மண் ஒட்டியது. செருப்பைக் கழற்றி எங்கோ எறிந்தேன்.

"எறக்கி வைங்கப்பா, உங்களுக்குத் தோளு வலிக்கும்" என்றீர்கள். கொஞ்ச நேரம் கழித்து, "பருத்தி நிக்குதா?" என்று அண்ணனிடம் கேட்டீர்கள். அண்ணன், "நிக்குது" என்றான். நம் புஞ்சையில் ஒரு செடிகூட நிற்கவில்லை, எல்லாம் சாய்ந்து கிடந்தது. அப்புறம் என்னிடம், "ஏட்டி, ஒரு மடக்குத் தண்ணி தா" என்றீர்கள். நெஞ்சுக்குள் தண்ணீர் கோத்திருந்த உங்களுக்கு நான் தண்ணீர் கொடுக்கக் கூடாது. முந்தானையை நனைத்து உதட்டில் ஒற்றினேன். சுற்றிலும் அவ்வளவு தண்ணீர் கிடந்த நாளில் உங்களுக்கு நான் கொடுத்தது அந்த ஈரம் மட்டும்தான். இப்போதுவரை என்னால் சரியாகத் தண்ணீர் குடிக்க முடியவில்லை மதினி.

ஆம்புலன்ஸ் விளக்கு கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

பத்து நாள் கழித்து அறிக்கை எழுதச் சொன்னார்கள். நம் ஊரில் ஒரு வயிற்றுப்போக்கு இல்லை, எலிக்காய்ச்சல் இல்லை, வீட்டுக்கு வீடு குளோரின் போட்டிருந்தேன். மூன்று பெண்களும் நல்லபடியாகப் பிள்ளை பெற்று வந்திருந்தார்கள். கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டினார்கள். வெள்ளத்தில் இறந்தவர்கள் என்று ஒரு கட்டம் இருந்தது. நீங்கள் சிறுநீரக நோயில் போனவர் அல்லவா? "இல்லை" என்று எழுதினேன். என் கையால்தான் எழுதினேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு, உங்களைத்தான் ஏசினேன். கூப்பிட்டேனே, வந்தால் என்ன? அப்படி என்ன பிடிவாதம்? பருத்தியை நீங்கள் உட்கார்ந்து காவல் காக்காவிட்டால் ஓடிப்போய்விடுமா?

அதற்கப்புறம் நான் இன்னொரு பட்டியல் போட்டேன். தேதி நெருங்கியவர்கள் பட்டியலுக்குப் பக்கத்தில், தள்ளிப்போட முடியாதவர்கள் என்று தலைப்பு வைத்தேன். டயாலிசிஸ் போகிறவர்கள், இன்சுலின் போடுகிறவர்கள், வலிப்பு மாத்திரை ஒருநாள் விட்டாலும் ஆகாதவர்கள், மூச்சுக்கு மெஷின் வைத்திருக்கிற ஒரு பெரியவர். ஒவ்வொருத்தருக்கும் நேரே, ரோடு போனால் எந்த வழி, யார் தூக்குவது, என்ன கொடுக்கக் கூடாது. நிவாரணம் என்று வாழைப்பழத்தை ஆசை ஆசையாகக் கொடுப்பார்களே, அது சிறுநீரகக்காரர்களுக்கு ஆகாது என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன். வழியைக் காட்டியது சுடலை. ஒரு கோடை முழுக்க என்னைக் காடுகாடாக நடக்க வைத்தான். "நர்சம்மாவுக்கு இனி ரெண்டு ஆடு வாங்கிக் குடுத்திர வேண்டியதுதான்" என்று ஊரே கேலி பேசியது.

போன வருஷம் மறுபடி எச்சரிக்கை வந்தது. இந்தத் தடவை நான் மைக்கில் சொன்னேன். பெரிய மழை வருது, ரோடு போயிரும், பட்டியலில் இருக்கிறவர்கள் இன்றைக்கே கிளம்புங்கள் என்று சொன்னேன். ஏழு பேரை அனுப்பினேன். அதில் கீழத்தெரு பேச்சியம்மாள் ஒருத்தி. முப்பத்தி நாலு வயசுதான், புதியம்புத்தூரில் தையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள், இப்போது உங்களைப் போலவே செவ்வாயும் வெள்ளியும் கோவில்பட்டி போகிறாள்.

மழை வரவில்லை மதினி. ஒரு தூறல்கூட இல்லை. மேகம் கடலோடு திரும்பிவிட்டது. ரெண்டு வாரத்தில் உளுந்து கருகிவிட்டது, பருத்தி பிஞ்சிலேயே உதிர்ந்துவிட்டது.

ஊர் என்ன சொல்லும்? நான் வாய் வைத்துத்தான் மழை ஓடிவிட்டதாம். குழாயடியில் நான் குடத்தோடு போனால் பேச்சு நின்றுவிடும். ஒரு கிழவர் என் முகத்துக்கு நேரேயே, "வார மழைய மைக்குப் போட்டு வெரட்டுனவ" என்றார். தடுப்பூசிக்குப் பிள்ளையைத் தூக்கிவந்தவள்கூட என் முகத்தைப் பார்க்காமல் சேலை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள். அண்ணனுக்கும் பருத்தி போச்சு. ஒரு மாதம் என்னிடம் பேசவே இல்லை, அவ்வளவுதான். அழுதேன். சிரிப்பும் வந்தது. என் பேச்சைக் கேட்டு மழை போகுமென்றால், அந்த மார்கழியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டேனா?

இன்றைக்குக் காலையில் மறுபடி செய்தி வந்தது. அதே வார்த்தைகள். போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்புறம் கோவிலுக்குப் போனேன்.

மைக்கைத் தட்டுவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "ஏம்மா நர்சம்மா, போன வருசம் வெரட்டுனது காணாதா?" என்று ஒருத்தர் கேட்டார். பேச்சியம்மாள் புருஷன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "எம் பொண்டாட்டி எங்கயும் வரமாட்டா. அவளுக்கு நாளக் கழிச்சித்தான் ஆஸ்பத்திரி. அன்னைக்குக் கூட்டிட்டுப் போவேன்" என்றான். நான் பேச்சியம்மாளைப் பார்த்தேன். அவள் அவனைப் பார்த்தாள். பிறகு, "ஆமாக்கா, நாளக் கழிச்சிப் போய்க்கிடுதேன்" என்று சிரித்தாள்.

மைக்கில் என் மூச்சுத்தான் கேட்டது.

யார் வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கியது தெரியுமா? உங்கள் புருஷன். கல்யாண வீட்டில் நாலு பேருக்கு முன்னால் 'வாங்க' என்று சொல்லக் கூச்சப்படுகிற ஆள். மைக்கை எப்படிப் பிடிப்பது என்றுகூடத் தெரியவில்லை, கடலை உருண்டையைப் பிடித்தாற்போல மூடிப் பிடித்துக்கொண்டான்.

"நான் ஒண்ணு சொல்லுதேன். சொல்லிட்டு எறங்கிருதேன்" என்றான். "அன்னைக்கு எந் தங்கச்சி வந்து பார்வதியக் கூப்பிட்டா. பார்வதி அதுக்கு முந்தியே துணிமணிய எடுத்து வச்சிக் கெளம்பித்தான் நின்னா. நாந்தான் போகக்கூடாதுன்னேன். மூணு வாரங்கழிச்சி மழ வருது, வீட்டுப் பொம்பள மழைக்குப் பயந்து ஊர விட்டுப் போனா அது அடுக்குமான்னேன். இவ வந்து கேக்கையில பார்வதி எம் மூஞ்சியப் பாத்தா. பாத்துட்டு, செவ்வாக்கிழம போய்க்கிடுதேன்னு இவகிட்டப் பொய் சொன்னா."

மைக்கை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டான்.

"போன வருசம் எம் பருத்தியுந்தான் கருகுச்சி. இந்த வருசம் வெதைச்சேம்லா? வெதைக்கலாம்யா, திருப்பி வெதைக்கலாம்." பேச்சியம்மாள் புருஷனைப் பார்த்தான். "அவளக் கூட்டிட்டுப் போ, மாப்ள."

மைக்கை என் கையில் திணித்துவிட்டு இறங்கிவிட்டான். பேச்சியம்மாள் புருஷன் கட்டிய கையை அவிழ்த்தான். நேரே வீட்டுக்குப் போனான். ஒரு கையில் பையும் ஒரு கையில் அவளுமாகத்தான் திரும்பி வந்தான். பட்டியலில் ஒன்பது பேர். ஒன்பது பேரும் மத்தியானத்துக்குள் கிளம்பிவிட்டார்கள். பட்டியலில் இல்லாத ரெண்டு குடும்பமும் போயிருக்கிறது.

எல்லாரும் போனபிறகு அண்ணனிடம் போனேன். கோபமா, என்ன என்று சொல்லத் தெரியவில்லை. "ஏன்ணே இவ்வளவு நாளாச் சொல்லல?" என்றேன்.

"சொன்னா நீ எங்கூடப் பேச மாட்டே. அவளும் இல்ல, நீயும் பேசலன்னா நான் யார்ட்டப் போயிப் பேச?" என்றான். அறுபது வயசு ஆள், தோள்துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். நான் அழவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாளைக்கு அவனிடம் பேசுவேனா என்று எனக்கு இன்னும் தெரியாது. பேசத்தான் வேண்டும், இல்லையா மதினி?

பிடிவாதக்காரி என்று உங்களை ஏசினேனே, அத்தனையும் திருப்பி எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் கிளம்பித்தான் இருந்தீர்கள். உயிர் வாழத்தான் நினைத்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் நம்பிவிட்டேன். எத்தனை பெண்களுக்குக் கருத்தடை பற்றி, ரத்தப்போக்கு பற்றி, மாமியாரை வெளியே அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தித் தனியாகக் கேட்டிருக்கிறேன்! உங்களை மட்டும் புருஷன் முன்னால் வைத்து, வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டுப் போய்விட்டேன். அவன் என் அண்ணன் என்பதால் எனக்கு அது தோன்றவில்லை.

கிழக்கே கறுத்துக்கொண்டு வருகிறது. காற்றில் மண்வாசனை இருக்கிறது, ஆனால் சொல்ல முடியாது, இதுவும் திரும்பிப் போகலாம். பெய்தால் நல்லது. பெய்யாவிட்டால் குழாயடியில் எனக்கு இன்னொரு வருஷம் ஏச்சு. வாங்கிக்கொள்கிறேன். அடுத்த தடவையும் சொல்வேன், அதற்கடுத்த தடவையும் சொல்வேன்.

இன்னொன்றும் உங்களுக்குச் சத்தியம் செய்து தருகிறேன் மதினி. இனி எந்த வீட்டிலும் வாசலில் நின்று கேட்க மாட்டேன். உள்ளே போவேன். ஆம்பளைகளை வெளியே இருக்கச் சொல்வேன். கதவைச் சாத்திவிட்டு அவளிடம் கேட்பேன்: "இப்பச் சொல்லு தாயி. உனக்குப் போகணுமா?"

உங்களிடம் அப்படிக் கேட்காமல் திரும்பிப்போன,
உங்கள் நாத்தனார்
வேலம்மாள்